பஞ்சவர்ணம் வரைந்த சேவல்

இலை வரையும்போது கன்னியப்பன் சுவரைப் பார்க்கவே மாட்டார். உதட்டில் பீடி புகைந்துகொண்டிருக்கும், வாய் யாருடனாவது வம்பளந்துகொண்டிருக்கும், கை மட்டும் தன் பாட்டுக்கு இரண்டு இலைகளைப் பச்சைப்பசேலென்று விரித்துவிட்டு இறங்கும். மேனாம்பேட்டிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் அவர் கை படாத சுவர் கிடையாது. எழுத்திலும் அப்படித்தான். 'வாக்களிப்பீர்' என்ற ஒரு சொல்லை அவர் எழுதினால் வண்டிக்காரர்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். கட்சிக்காக அவர் எழுதினாரா, எழுதி எழுதிக் கட்சிக்காரர் ஆனாரா என்று அவருக்கே தெரியாது.

தலைவர் இறந்த பிறகு கட்சி இரண்டாக உடைந்தது. இலை உனக்கா எனக்கா என்று இரண்டு பக்கமும் இழுத்ததில், இலை யாருக்கும் இல்லை என்று முடக்கிவிட்டார்கள். எண்பத்தொன்பது தைமாதத் தேர்தலில் ஒரு பாதிக்குச் சேவலும் இன்னொரு பாதிக்கு இரட்டைப் புறாவும் சின்னமாக வந்தன. கன்னியப்பன் இருந்த பாதிக்குக் கிடைத்தது சேவல்.

முதல் சேவலை அவர் தன் வீட்டுப் பக்கச் சுவரிலேயே வரைந்து பார்த்தார். வட்டச் செயலாளர் கஜபதி சைக்கிளை நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னா மச்சான் இது?"

"சேவலு."

"எனுக்குக் காக்கா மாறி கீது. கொண்ட வச்ச காக்கா."

கன்னியப்பன் சுண்ணாம்பை அடித்து அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். இந்த முறை அது கோழியாக வந்தது. அதுவும் அடைகாக்கிற கோழி. வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ, "முட்டைக்கு ஓட்டுப் போடணுமா, கோழிக்குப் போடணுமா?" என்று கேட்டார்கள். கஜபதிக்கு முகம் கறுத்துவிட்டது.

"மச்சான், உன் எழுத்துக்கு நான் அடிமை. ஆனா இந்தக் கோழிய சுவத்துல ஏத்தினா புறாக்காரன் நம்மள சட்டியில போட்டு வறுத்துடுவான். பூந்தமல்லில ஒருத்தன் நல்லா படம் போடறானாம். அவன இட்டாந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

கன்னியப்பன் பிரஷ்ஷை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக உயிரில்லாத ஒன்றை வரைந்து பழகிய கை அது. காலும் கண்ணும் உள்ள ஒன்றைக் கேட்டால் மறுக்கிறது.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அவர் மனைவி பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆவடிக்கு அந்தப் பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் பிறந்தவள். அவள் அப்பா வீட்டில் கோழிகள் மனிதர்களைவிட அதிகம். சண்டைக்கு நிற்கிற சேவல் எப்படிக் கழுத்து மயிரைக் குடைபோல விரிக்கும், பயந்த சேவல் எப்படி வாலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு பயமில்லாத மாதிரி நடக்கும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவருக்குச் சாயப்பொடி குழைத்துக் கொடுப்பாள், எழுத்துக்குள் நிறம் நிரப்புவாள். தனியாக ஒன்றும் வரைந்ததில்லை. யாரும் கேட்டதில்லை என்பதுதான் காரணம்.

கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தாள். கணவரின் கோழியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதன் மேலேயே ஒரே இழுப்பில் மார்பிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டிலேயே அது சேவலாகிவிட்டது. மற்றவையெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தன. அரிவாளாக வளைந்த வால், ஊன்றிய ஒரு கால், எடுத்து வைக்கப்போகிற இன்னொரு கால், யாரை என்று தெரியாமல் முறைக்கிற கண்.

கன்னியப்பன் எழுந்து நின்றார்.

"எங்க கத்துகின?"

"எங்க ஊட்டு கொல்லையில."

"இத்தினி நாளா சொல்லவே இல்ல?"

"நீ இத்தினி நாளா எலதான மாமா போட்டுகினு இருந்த?"

அவர் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பொம்பள ஏணி மேல ஏறினா ஊரு சிரிக்கும்" என்றார்.

"உன் கோழியப் பாத்து இப்பவே சிரிச்சிட்டுத்தான போறாங்க. ஒண்ணு பண்ணலாம். எழுத்து உனுது, சேவலு எனுது. கஜபதி அண்ணன் பூந்தமல்லிக்குப் போறதுக்குள்ள போயி சொல்லிட்டு வா."

அவர் போனார். போகிற வழியில் கோபம் போய்விட்டதா, அங்கே போன பிறகு போனதா என்று தெரியாது. திரும்பி வரும்போது கையில் புது சாயப்பொடிப் பொட்டலங்கள் இருந்தன.

பொங்கல் நெருங்கிய சமயம். ஊரில் எல்லா வீட்டுக்கும் அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். கட்சிக்காரர்களுக்கு வெள்ளைச் சுவரைக் கண்டால் நாக்கில் நீர் ஊறும். யாரையும் கேட்காமல் ஏணியைச் சாத்திவிடுவார்கள். பஞ்சவர்ணம் அப்படிச் செய்யவில்லை. கதவைத் தட்டிக் கேட்டாள். "நான் சேவல் போடலாமா? புடிக்கலன்னா தேர்தல் முடிஞ்சதும் நானே வந்து வெள்ள அடிச்சுக் குடுத்துடறேன்" என்பாள். ஒரு பெண் இப்படிக் கேட்கும்போது இன்னொரு பெண்ணுக்கு முடியாது என்று சொல்லக் கஷ்டமாக இருந்தது. சிலர் தங்கள் வீட்டுச் சேவலையே பிடித்துக்கொண்டு வந்து, "இவன் மாறி போடு" என்றார்கள். அவளும் போட்டாள். அதனால் மேனாம்பேட்டில் ஒரு சுவர்ச் சேவலைப்போல இன்னொன்று இருக்காது. ஒன்றுக்குக் கழுத்தில் மயிர் இருக்காது, ஒன்றுக்குக் கொண்டை ஒரு பக்கம் சரிந்திருக்கும். தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக ஓட்டினார்கள். புறாக் கட்சிக்காரர்கள்கூட நின்று பார்த்தார்கள். அவர்களுடைய புறாக்கள் தலையணை உறையில் தைத்த புறாக்களைப்போல இருந்தன.

ஏணி மேல் பஞ்சவர்ணம், கீழே எழுத்தில் கன்னியப்பன். முதலிரண்டு நாள் அவர் யாருடனும் பேசவில்லை. பிறகு யாராவது நின்றால், "கால பாத்தியா? நிக்கிற சேவலுக்கு ஒரு கால்ல தான் கனம் இருக்கும்" என்று அவளிடம் கேட்டதையே தான் கண்டுபிடித்ததுபோல் விளக்க ஆரம்பித்தார். மேலேயிருந்து பஞ்சவர்ணம் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

கஜபதிக்கு ஒரே ஒரு சுவர் மட்டும் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே ஜெகதாம்பாள் வீட்டுச் சுவர். பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. ஓட்டுப்போட வருகிற ஒவ்வொருவரும் அந்தச் சுவரைப் பார்க்காமல் உள்ளே போக முடியாது.

ஜெகதாம்பாள் வீட்டார் அந்த ஊரில் பல தலைமுறையாக நெல் விதைத்தவர்கள். இப்போது பாதி நிலத்தில் பட்டறைகள் ஓடின, மீதியில் கீரை போட்டிருந்தார்கள். குடும்பமே உதயசூரியன் கட்சி. கஜபதி இரண்டு முறை கேட்கப் போய் இரண்டு முறையும் வாசலிலேயே திட்டு வாங்கி வந்திருந்தான். பஞ்சவர்ணம் தானே போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள்.

ஜெகதாம்பாள் முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீதான் சேவல் போடறவளா? கேட் பக்கத்துல ஒண்ணு போட்டு கீறியே, பாத்தேன். அடுத்தவன் கூரையில ஏறி நின்னு கூவறா மாறியே கீது."

"நல்லா கீதா பெரிம்மா?"

"நல்லாத்தான் கீது. அதுக்குன்னு என் சுவத்துல உன் கட்சியப் போட உடுவனா? என் ஊட்டுக்காரன் செத்தும் என்னத் திட்டுவான்." முறத்தைக் கீழே வைத்தாள். "ஆனா ஒண்ணு. பூசம் வருது. அவரு இருந்தவரிக்கும் வருசா வருசம் திருத்தணிக்குக் காவடி எடுத்தாரு. அவரு போனப்புறம் அந்த நேரத்துல ஊடே வெறிச்சுன்னு பூடுது. கந்தன் சேவலுன்னா போட்டுக்க. ஒரு எழுத்து இருக்கக் கூடாது. கட்சி இல்ல, ஓட்டு இல்ல. முருகன் கொடியில கீற சேவலு. போடுவியா?"

பஞ்சவர்ணம் யோசிக்கவே இல்லை. "போடறேன்" என்றாள்.

அந்தச் சேவலை அவள் மற்றவற்றைவிடப் பெரிதாக வரைந்தாள். சூரபத்மன் இரண்டாகப் பிளந்து பாதி மயிலாகவும் பாதி சேவலாகவும் ஆனான் என்பது அவளுக்குத் தெரிந்த கதைதான். எதிரியாக இருந்தவன் கொடியில் ஏறிக்கொண்டு, தன்னை ஜெயித்தவனுக்காகவே கூவுகிறான். அந்தச் சேவலுக்குத் திமிர் இருக்கவேண்டும், ஆனால் அந்தத் திமிர் யார் மேலும் பாயக்கூடாது. கண்ணை மூன்று தடவை மாற்றினாள். முடித்தபோது சேவல் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, மேலே பார்த்துக் கூவிக்கொண்டிருந்தது. ஜெகதாம்பாள் வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போய்க் கற்பூரத் தட்டோடு வந்தாள்.

கஜபதிக்குத் தலைகால் புரியவில்லை. "எழுத்து இன்னாத்துக்கு தங்கச்சி? படம் போதும். சூரியன் ஊட்டுச் சுவத்துலயே நம்ம சேவலு!" என்று சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனான்.

"அது நம்ம சேவலு இல்ல அண்ணே" என்று பஞ்சவர்ணம் சொன்னது அவன் காதில் விழவில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் மதியத்துக்கு மேல், ஓட்டுப்பெட்டிகளோடு வண்டி வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றது. வாக்குச்சாவடித் தலைமை அதிகாரியாக வந்தவர் ஜம்புலிங்கம். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருப்பு, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வண்டியிலிருந்து இறங்கியதும் அவர் கண்ணில் பட்டது அந்தச் சேவல்தான். அதைப் பார்த்து முடிப்பதற்குள் புறாக் கட்சிக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், சாவடிக்கு எதுருக்க கட்சிச் சின்னம் கீது. இத்த அழிக்கணும்."

"சின்னமா? அது சாமி படம் சார்" என்றான் கஜபதி, கைகளைக் கூப்பிக்கொண்டு. அவன் அவ்வளவு பக்தியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஜம்புலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சாமி படமோ, கட்சிப் படமோ, நாளைக்கு ஓட்டுச்சீட்டுலயும் சேவல் இருக்குல்லா? பாக்குதவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? இவ்வளவு கிட்டத்துல சின்னம் இருக்கக் கூடாது. அழிச்சிருங்க."

போலீஸ்காரர் ஒருவர் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். ஜெகதாம்பாள் வெளியே வந்து சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"எவனாவது கைய வச்சிப் பாருங்க. இது முருகன் சேவலு. பூசத்துக்கு மொத நாளு அதும் மூஞ்சில சுண்ணாம்பு அடிப்பியா? உன் ஊட்ல புள்ள குட்டி இல்ல?"

போலீஸ்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜம்புலிங்கத்தைப் பார்த்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சூரியன் கட்சிக்காரர்களுக்குத்தான் தர்மசங்கடம். வீடு அவர்களுடையது, சேவல் எதிராளியுடையது. கைச் சின்னக்காரர்கள் எந்தப் பக்கம் கத்துவது என்று முடிவு செய்யாமலே கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜம்புலிங்கம் கெட்ட மனிதர் இல்லை. அவர் ஊரிலிருந்து திருச்செந்தூர் கூப்பிடு தூரம். சூரசம்ஹாரக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து சேவற்கொடியைப் பார்த்தவர். ஆனால் நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான்.

"எம்மா, நானும் முருகனைக் கும்பிடுதவன்தான்" என்றார். "எனக்கு மட்டும் அழிக்க ஆசையா? இப்பிடிப் பாருங்க, நான் விட்டேன்னா இவங்க நாளைக்கு ஓட்டே செல்லாதுன்னு நிப்பாங்க."

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, பஞ்சவர்ணமும் கன்னியப்பனும் வந்து சேர்ந்தார்கள். பஞ்சவர்ணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒருமுறை சேவலைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் எவ்வளவு வெள்ளைச் சுவர் மீதி இருக்கிறது என்று பார்த்தாள்.

"சார், இத்தப் போட்டது நான்தான். அழிக்க வாணாம். கொஞ்சம் நேரம் குடுங்க, நானே சரி பண்ணிடறேன்."

"எப்பிடிம்மா சரி பண்ணுவீங்க?"

"பண்ணதும் பாருங்க. புடிக்கலன்னா அந்த வாளிய நானே எடுத்து அடிக்கிறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. "சரி, செய்யுங்க" என்றார்.

பஞ்சவர்ணம் கணவரிடம் திரும்பி, "மாமா, செவப்பும் மஞ்சளும் கொழைச்சுக் குடு" என்றாள். கன்னியப்பன் குழைத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் குழைத்திருக்க மாட்டார்.

சேவலுக்குப் பின்னால் கீழ்மூலையில் ஒரு கோடு இழுத்தாள், வயல் வரப்பு ஆயிற்று. வரப்புக்கு அந்தப் பக்கம் பாதி வட்டம் போட்டாள். கதிர்கள் விரிந்தன. சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. சூரியன் கட்சிக்காரர்கள் விசிலடித்தார்கள். கஜபதி, "ஏய் தங்கச்சி, இன்னா பண்ற நீ?" என்று பாய்ந்தான். கன்னியப்பனின் கையிலிருந்து டப்பா நழுவப் பார்த்தது.

அவள் திரும்பவே இல்லை. மேலே வானத்தில் இரண்டு புறாக்களைப் பறக்கவிட்டாள். தலையணை உறைப் புறாக்கள் அல்ல, சிறகடித்துத் திரும்புகிற நிஜப் புறாக்கள். இப்போது புறாக் கட்சிக்காரர்கள் விசிலடிக்க, சூரியன் கட்சிக்காரர்கள் அடங்கினார்கள். கடைசியாகச் சேவலின் காலடிக்கு மேலே, சுவரின் ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை மட்டும் நீண்டது. கண்ணாடி வளையல் போட்ட கை. விரல்களை விரித்து நெல்லை இறைத்தது. கைக் கட்சிக்காரர்களுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர்களும் கத்தினார்கள்.

பஞ்சவர்ணம் ஏணியிலிருந்து இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பொழுது விடிஞ்சா எங்க அப்பா ஊட்ல இதான் சார் நடக்கும். சூரியன் வரும், சேவலு கூவும், கூரையில கீற புறா பறக்கும், எங்கம்மா நெல்லு எறைக்கும். இதுல எது கட்சி, எது சாமின்னு நீங்களே சொல்லுங்க."

ஜம்புலிங்கம் சுவரை நெடுநேரம் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அதிகாரி என்பதால் அதைக் கன்னத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பிறகு நான்கு கட்சி ஆட்களையும் முன்னால் கூப்பிட்டார்.

"இப்ப ஆட்சேபம் இருக்குதவர் சொல்லுங்க. ஒருத்தர் சொன்னாலும் போதும், மொத்தச் சுவரையும் அழிச்சிருதேன். உங்க உங்க சின்னத்தையும் சேத்துத்தான் அழிப்பேன். யாருக்கு அழிக்கணும்?"

வாளியில் சுண்ணாம்பு தளும்பத் தளும்ப இருந்தது. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் தன் சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. புறாக்காரர் சூரியன்காரரைப் பார்த்தார். சூரியன்காரர் கைக்காரரைப் பார்த்தார். கஜபதி தரையைப் பார்த்தான்.

"அப்போ இருந்துட்டுப் போவட்டும்" என்றார் ஜம்புலிங்கம்.

ஜெகதாம்பாள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். அவள் புடவையில் சேவலின் வால் சிவப்பு அப்பியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கன்னியப்பன் பத்தடி முன்னாலேயே போனார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கஜபதி வழியில் மறித்து, இனிமேல் கட்சி வேலை ஒன்றும் கிடையாது, இரண்டு பேரும் துரோகிகள் என்று கத்திவிட்டுப் போயிருந்தான். பஞ்சவர்ணம் அவனுக்கு, "சரி அண்ணே" என்று மட்டும் சொன்னாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் கன்னியப்பன் ஏணியைச் சாத்தினார்.

"நான் கொழைச்ச செவப்புல சூரியன் போட்டுட்டியே" என்றார். "எங்க தலைவரு மேல இருந்து பாத்துகினு இருப்பாரு."

"பாத்தா சிரிப்பாரு மாமா."

அவர் அவளை முறைத்தார். முறைத்துக்கொண்டிருக்கும்போதே, புறாக்காரரின் முகம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். தோள் குலுங்க ஆரம்பித்தது. வாசல்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அந்த ஆபீசரு கேட்டாரு பாரு, யாருக்கு அழிக்கணும்னு... கஜபதி மூஞ்சியப் பாத்தியா? முட்டப் போட்டுட்டு எழுந்திரிக்க முடியாத கோழி மாறி!"

"அப்ப உனுக்குக் கோழி நல்லா வரும்னு சொல்லு" என்றாள் பஞ்சவர்ணம்.

தேர்தலில் சூரியன் ஜெயித்தது. கொஞ்ச நாளிலேயே உடைந்த கட்சி ஒன்று சேர்ந்தது. முடக்கி வைத்த இலையும் திரும்ப வந்தது. கன்னியப்பன் அன்று ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தார். கஜபதியும் பழையதை மறந்தவனாக வந்து நின்றான். சேவல்களை அழித்துவிட்டு இலை போடவேண்டும், கன்னியப்பனை விட்டால் இலைக்கு ஆள் ஏது?

கன்னியப்பன் சுண்ணாம்பு வாளியோடு முதல் சுவருக்குப் போனார். கேட் பக்கத்துச் சேவல். பிரஷ்ஷை நனைத்தார், தூக்கினார், மறுபடி வாளியிலேயே வைத்தார். வீட்டுக்குத் திரும்பி வந்து மனைவியிடம், "அத்த அழிக்க எனுக்குக் கை வர்ல" என்றார்.

பஞ்சவர்ணம் வாளியை வாங்கிக்கொண்டாள். "சுவத்தக் குடுத்தவங்ககிட்ட வெள்ள அடிச்சிக் குடுக்கறேன்னு வாக்குக் குடுத்து கீறேன். அது கட்சிக்குப் போட்டது, கட்சிக்கு வாணாம்னா போவட்டும். வா" என்றாள். அவளே ஒவ்வொரு சுவராகப் போய் அழித்தாள். சில வீடுகளில் வேண்டாம் என்று தடுத்தார்கள். அங்கே மட்டும் விட்டாள். மற்ற சுவர்களில் ஒரே வீச்சில் மார்பையும் கழுத்தையும் கண்ணையும் வெள்ளையாக்கினாள். கன்னியப்பன் பின்னால் நின்று, ஒவ்வொன்றும் மறையும்போது, "ஐயோ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இன்னா ஐயோ? கை என்கிட்டதான கீது" என்றாள் அவள்.

மாசி முடியும்போது ஒருநாள் ஜம்புலிங்கம் மேனாம்பேட்டுக்குத் தேடிக்கொண்டு வந்தார். கூட ஆவடிப் பக்கத்துச் சிறு தேவாலயம் ஒன்றின் பாதிரியாரும் வந்திருந்தார். தொழிற்சாலைக் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய கோவில் அது. புனித வாரத்துக்கு முன்பு அதன் பக்கச் சுவரில் ஒரு படம் வரையவேண்டும்.

"பாதர் சேவல் வேணும்னு சொன்னாரு. எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு" என்றார் ஜம்புலிங்கம். "என் மச்சினன் கப்பல்ல இருக்கான். வெளிநாட்டுல கோவில் கோபுரத்து உச்சியிலயே தகரத்துல சேவல் செஞ்சு வச்சிருப்பாங்களாம், காத்து அடிக்குத பக்கமெல்லாம் திரும்புமாம். சீனாக்காரன் சோத்துக் கிண்ணத்துல வரைவானாம். பிரான்சுக்காரன் விளையாடப் போனா சட்டையில சேவல்தானாம். நம்ம ஊருலதான் அதுக்குச் சண்டை போடுதோம்."

"எல்லா ஊர்லயும் விடியறதுக்கு அது தான சார் கூவுது" என்றாள் பஞ்சவர்ணம். பிறகு பாதிரியாரைப் பார்த்து, "உங்க கோயில்ல அது இன்னா பண்ணுது சாமி?" என்று கேட்டாள்.

பாதிரியார் கதையைச் சொன்னார். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவு. அவருடைய சீடர் பேதுரு குளிருக்குத் தீயருகே நிற்கிறார். நீ அவரோடு இருந்தவன்தானே என்று கேட்கிறார்கள். எனக்கு அவரைத் தெரியாது என்கிறார். மூன்று முறை கேட்கிறார்கள், மூன்று முறையும் தெரியாது என்கிறார். அப்போது சேவல் கூவுகிறது. இப்படித்தான் நடக்கும் என்று இயேசு முன்பே சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து, பேதுரு வெளியே போய் அழுகிறார்.

"சாமி, அந்தச் சேவலுக்கு அவரு மேல கோவமா, பாவமா?"

"அத யாரும் எங்கிட்ட கேட்டதில்லம்மா" என்றார் பாதிரியார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"தெரில. போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

இந்த முறை அவளுக்கு நாட்கள் பிடித்தன. கன்னியப்பன் தீயை வரைந்தார். இலையை வரைந்த கைக்குத் தீயின் நாக்கு நன்றாக வந்தது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. பேதுருவின் முகத்தை அவள் பாதி நிழலில் விட்டாள். சேவலைத்தான் திரும்பத் திரும்பக் கலைத்தாள். கழுத்தை நீட்டி வாயைத் திறந்து கூவுகிற சேவலை வரைந்தாள், அது ஜெகதாம்பாள் வீட்டுச் சேவலாக இருந்தது. மார்பை நிமிர்த்திய சேவலை வரைந்தாள், அது ஓட்டுக் கேட்டது. இரண்டையும் அழித்தாள்.

கடைசியில் கூவி முடித்த சேவலை வரைந்தாள். வாய் மூடிவிட்டது. கழுத்து மயிர் இன்னும் அடங்கவில்லை. மதில்மேல் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கீழே இருக்கிற மனிதனை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. கோபமும் இல்லை, பாவமும் இல்லை. நடந்ததைப் பார்த்த ஒரு உயிரின் கண், அவ்வளவுதான்.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று பஞ்சவர்ணமும் கன்னியப்பனும் அங்கே போனார்கள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவள் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். ஜெபம் முடிந்து கலைந்தவர்கள் பக்கச் சுவருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் சிலர் பேதுருவைவிடச் சேவலையே அதிகநேரம் பார்த்தார்கள். தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் போகவில்லை. நாற்பது வயசு இருக்கும். சேவலுக்கு நேராக நின்றார். கைக்குட்டையை எடுத்தார், முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் அசைந்தன. யாரும் அவரருகே போகவில்லை.

கன்னியப்பன் மனைவியின் காதருகே குனிந்தார். "அந்த ஆளு அழுவுறான் பாரு. அப்படி இன்னா போட்ட நீ?"

"சேவலுதான் மாமா போட்டேன். மத்தது அவரு வரும்போதே கொண்டாந்தது."

அந்த மனிதர் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, சுவரை ஒருமுறை தொட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து போகும்வரை பஞ்சவர்ணம் அங்கேயே நின்றாள். பிறகு முந்தானையைத் தலையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வானகரத்தில் ஒரு முட்டைக் கடைக்காரர் பலகைக்குச் சொல்லியிருந்தார். அதற்குக் கோழிதான் வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதால், அந்த வேலையை முழுக்கக் கன்னியப்பனுக்கே விட்டுவிடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.